தாய்மாமன் மடியும் ஃபோனான் பலகையும்: திருத்தணிக்கு ஒரு பகல் பயணம்

பதினாறு மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். அது போதும். என் தங்கையின் கணவர் கோதண்டம் பள்ளிப்பட்டுப் பக்கம் கிரானைட் கடை வைத்திருக்கிறார். அங்கே அவர் 'ஃபோனான் பலகை' என்று ஒன்றை விற்கிறார். அதன் விளம்பர நோட்டீசில் வெகுநாள் என் பெயர் இருந்தது. போன மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருத்தணி மலை மேல் அந்தப் பலகையில் நானே உட்கார நேர்ந்தது. அது எப்படி என்பதை எழுதத்தான் இந்தப் பதிவு. திருத்தணிக்கு ஒரு நாள் போய்வர நினைப்பவர்களுக்கு ரயில், ஆட்டோ, படிக்கட்டு விவரங்களும் இதிலேயே வருகின்றன. என் கோபம் வேண்டாம் என்பவர்கள் அவற்றை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம்.

பயணத்துக்குக் காரணம் காது குத்து. தங்கை சுமதிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த பெண் வள்ளி. இப்போது இரண்டரை வயது. மொட்டை போட்டுக் காது குத்துவதைத் திருத்தணியில் செய்வதாக வேண்டுதல். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கூடப் பிறந்த மாமன் நான் ஒருவன்தான். நான் போகாவிட்டால் என் சித்தி மகன் மோகனை உட்கார வைப்பார்கள். மோகன் அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருப்பவன். யார் வீட்டு விசேஷத்திலும் யாராவது வராமல் போனால் அந்த இடத்தில் உட்காரத் தயாராக வருகிறவன். என் கல்யாணத்தன்று காலை நான் மண்டபத்துக்கு வர இருபது நிமிடம் தாமதமானபோது அவன் தலை வாரிக்கொண்டிருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இருபத்தாறு வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். முனைவர் பட்டம் வாங்கியது படிகங்களில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பதைப் பற்றி. அந்த ஆய்விலிருந்து வெளிவந்த கட்டுரையில் என் வழிகாட்டியின் பெயர் முதலில் வந்தது, என் பெயர் மூன்றாவதாக வந்தது. இரண்டாவதாக வந்தவர் ஆய்வகத்தின் ஏசியைப் பழுது பார்த்தவர், வழிகாட்டியின் அக்கா மகன். துறைத் தலைவர் பதவி இரண்டு முறை என்னைத் தாண்டிப் போனது. இரண்டு முறையும் பாராட்டு விழாவில் வரவேற்புரை சொல்ல என்னையே கூப்பிட்டார்கள். சொன்னேன்.

இனி ஃபோனான். சுருக்கமாகவே சொல்கிறேன், பயந்து ஓட வேண்டாம். கல் சும்மா கிடப்பது போலத் தெரியும். உள்ளே அணுக்கள் வரிசையாக நின்று ஓயாமல் நடுங்குகின்றன. ஒன்று அசைந்தால் பக்கத்தில் இருப்பதும் அசையும். காலை எட்டு மணி அரக்கோணம் லோக்கலில் கதவருகே ஒருவர் தள்ளினால் அந்தத் தள்ளு பெட்டியின் மறுகோடி வரை போகும். ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். அப்படித்தான். ஆனால் கல்லுக்குள் அந்தத் தள்ளு சில்லறையாகக் கிடைக்காது. ஒவ்வொரு வகை அதிர்வுக்கும் ஓர் அளவுப் பொட்டலம் உண்டு. கூடினாலும் குறைந்தாலும் முழுப் பொட்டலமாகத்தான். அந்தப் பொட்டலத்தின் பெயர் ஃபோனான். கல்லைத் தட்டினால் சத்தம் மறுபக்கம் போவது அதனால். கல்லின் ஒரு முனையில் பட்ட சூடு மறுமுனைக்குப் போவதும் அதனால். அவ்வளவுதான். அது உங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரிலும் இருக்கிறது. அந்தச் சுவரில் சாய்ந்து யாருக்கும் முதுகு வலி போனதில்லை.

இதை இதே வார்த்தைகளில் நான் கோதண்டத்துக்குச் சொன்னேன். வள்ளிக்குப் பெயர் வைத்த அன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு. ஒரு மணி நேரம் கேட்டார். நடுவில் எழுந்து போகவில்லை. "அப்போ கறுப்புக் கல்லுக்கும் வெள்ளைக் கல்லுக்கும் வித்தியாசம் உண்டா பாவா?" என்று கேள்வி கேட்டார். அவர் வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவார்கள், அதனால் மனைவியின் அண்ணனான நான் பாவா. இருபத்தாறு வருடத்தில் ஃபோனான் பற்றி என்னைத் திரும்பக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர். அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஆறு மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. 'கல்லுக்குள் ஓடும் ஃபோனான் சக்தி. முட்டி வலி, முதுகு வலி, தூக்கமின்மை தீர தினமும் இருபது நிமிடம் அமரவும்.' கீழே, 'ஆராய்ந்து கூறியவர்' என்று என் பெயர், பட்டங்களோடு. பக்கத்தில் சுமதி கல்யாணத்தில் எடுத்த என் புகைப்படம். தோளில் யாருடைய கையோ மட்டும் வெட்டப்படாமல் இருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதினான்கு பகுதிகளாக மறுப்பு எழுதினேன். ஒன்பதாவது பகுதியில் கோதண்டம் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார். மீதி ஐந்து பகுதி இன்னும் என் போனில் இருக்கிறது. அன்றிலிருந்து சுமதியும் என்னிடம் பேசவில்லை. காது குத்துக்கு அழைப்பு தபாலில் வந்தது. 'அண்ணன் அவசியம் வரவும்' என்று பேனாவால் எழுதியிருந்தாள். என் மனைவி வர மறுத்துவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறத பாக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றாள்.

அம்பத்தூரில் காலை 6.50 லோக்கல். டிக்கெட் 20 ரூபாய். எல்லா லோக்கலும் திருத்தணி வரை போகாது, பல வண்டிகள் அரக்கோணத்திலேயே நின்றுவிடும், பலகையைப் பார்த்து ஏறுங்கள். அரக்கோணத்துக்கு வெளியே சிக்னலுக்காகப் பதினெட்டு நிமிடம் நின்றது. அங்கிருந்து திருத்தணி பதின்மூன்று கிலோமீட்டர். 8.45க்கு இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் கோதண்டம் அனுப்பிய கார் நின்றது. பின்கண்ணாடி முழுக்க 'ஃபோனான்' என்று மஞ்சள் எழுத்து. நான் ஏறவில்லை. ஓட்டுநரிடம் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

"மேலயே வுட்டுடவா சார்? எரநூத்தம்பது குடுங்க" என்றார் ஆட்டோக்காரர்.

"படிக்கட்டு வரைக்கும் போதும்."

"இந்த வெயில்ல படியா? வேண்டுதலா சார்?"

"இல்ல. கோபம்."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். "சரியான ஊருக்குத்தான் வந்துகிறீங்க. முருகரே சண்டையெல்லாம் முட்ச்சிட்டு, கோவம் தணிஞ்சி, இங்க வந்துதான் குந்திகினாரு. எண்பது குடுங்க."

கொடுத்தேன். இரண்டு கிலோமீட்டர்தான், கொஞ்சம் அதிகம், ஆனால் பேச்சுக்கும் சேர்த்து.

படிகள் முந்நூற்று அறுபத்தைந்து, வருடத்தின் நாளுக்கு ஒன்று. நான் 9.05க்கு ஏறத் தொடங்கி 9.40க்கு மேலே வந்தேன். இடையில் நான்கு முறை நின்றேன். இரண்டு முறை மூச்சுக்காக, இரண்டு முறை கோதண்டத்திடம் சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்த. கிட்டத்தட்ட ஆடி மாதத்துப் படிகளில் இருந்தபோது ஒரு நல்ல வாக்கியம் கிடைத்தது, புரட்டாசிக்கு வருவதற்குள் மறந்துவிட்டது. காலையில் கல் இதமாக இருக்கும். பத்து மணிக்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டை அடித்த இடம் பார்த்து நடக்க வேண்டும்.

மேலே, கோயிலுக்கு வெளியே ஒரு மண்டபத்து ஓரத்தில் ஜமக்காளம் விரித்து எல்லாரும் இருந்தார்கள். வள்ளிக்கு மொட்டை முடிந்து சந்தனம் பூசியிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரியாமல் முறைத்தாள். பதினாறு மாதம் குழந்தைக்குப் பெரிய காலம். பிறகு என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். அதைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் விரலையும் பிடித்துக்கொண்டாள். மோகன் பட்டு வேட்டியில் ஏற்கெனவே வந்திருந்தான்.

"வாண்ணா. நீ வந்தாலும் சரி, வரலனாலும் சரி, நான் ரெடியா கீறேன்" என்றான்.

அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். மண்டபத்துக்கு வெளியே, வெட்டவெளியில், கோயில் மணி இருக்கும் பக்கம் பார்த்தபடி, இரண்டு அங்குலத் தடிமனில் ஒரு கறுப்புக் கிரானைட் பலகை.

"அது எதுக்கு வெயில்ல கெடக்குது மாப்ளே?" என்றேன்.

"சார்ஜ் ஏறிகினு இருக்குது பாவா" என்றார் கோதண்டம். "காலைல ஏழு மணிலேருந்து. மணி அடிக்கிற சத்தம் ஒரு பக்கம், சூரியன் ஒரு பக்கம். ரெண்டும் உள்ள போய் ஃபோனானா சேருது. நீங்க சொன்னதுதானே?"

நான் சொன்னது அதுவல்ல. அதை விளக்கினேன். ஃபோனானைப் பானையில் தண்ணீர் பிடிப்பது போலப் பிடித்து வைக்க முடியாது, மணிச் சத்தம் அந்தக் கல்லுக்குள் போய் நொடியில் சிதறிவிடும், வெயிலில் வைத்தால் கல் சூடாகும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது என்று விரல் விட்டு விளக்கினேன். கறுப்புக் கல் என்பதால் இன்னும் அதிகம் சூடாகும் என்றும் சொன்னேன். தடிமனான கல் என்பதால் நிழலுக்குக் கொண்டுவந்தாலும் சூடு சீக்கிரம் இறங்காது என்றுகூடச் சொன்னேன். சுற்றி ஏழெட்டு பேர் கேட்டார்கள். எல்லாமே சரியான இயற்பியல். இதை வாசகர்கள் மனதில் வைக்க வேண்டும், ஏனென்றால் நான் வைக்கவில்லை.

கோதண்டத்தின் திட்டம் என்னவென்றால், நான் அந்தப் பலகையில் உட்கார்ந்து, மடியில் குழந்தையை வைத்து, காது குத்தும்போது ஒரு போட்டோ. புது நோட்டீசுக்கு.

"அந்தக் கல்லுல நான் குந்த மாட்டேன்" என்றேன்.

"ஒரே ஒரு போட்டோ பாவா."

"மொதல்ல என் பேர எடுங்க."

"பேர எடுத்தா யாரு வாங்குவாங்க? எம் பேருல ஒரு டிகிரி கூட கெடையாது."

இப்படியே மணி பதினொன்று இருபது ஆனது. காது குத்த வந்திருந்த பத்தர், மூக்குக் கண்ணாடியின் ஒரு கம்பிக்குப் பதிலாக நூல் கட்டியிருந்தவர், சுவரோரம் உட்கார்ந்து எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பன்னெண்டுக்கு எமகண்டம் சார்" என்றார். "அடுத்த பார்ட்டி வேற வெயிட் பண்ணிகினு கீது. மாமன் யாருனு முடிவு பண்ணிட்டு சொல்லுங்க."

மோகன் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

சுமதி எழுந்து வந்தாள். என்னிடம் அவள் நேராகப் பேசியது பதினாறு மாதத்தில் அதுதான் முதல் முறை. "அண்ணா, பதினோரு வருசம் கயிச்சி பொறந்த புள்ள. உன் மடில வச்சி குத்தணும்னுதான் நான் கடுதாசில எழுதினேன். பலகையாம், பேராம். ரெண்டு பேரும் கல்லப் புடிச்சிகினு தொங்குங்க. எனக்கு மடி வேணும். இன்னிக்கு நீ குந்தலன்னா, இனிமே எங்க வூட்டு விசேஷத்துக்கு உனக்குக் கடுதாசி கூட வராது."

கணவர் பக்கம் திரும்பினாள். "நீ அவரு பேர எடுத்துடு."

கோதண்டம் யோசித்தார். "அவரு பலகைல குந்தினா எடுத்துடறேன்."

பதினாறு மாதத்துப் போரில் நான் ஜெயித்த இடம் அது. பெயர் போய்விடும், தங்கை திரும்ப வருவாள், மடி என்னுடையது. மணி 11.35. இரண்டு பேர் பலகையைத் துணியால் பிடித்துத் தூக்கி வந்து நிழலில் போட்டு, மேலே ஒரு மஞ்சள் துண்டை விரித்தார்கள். ஏன் துணியால் பிடித்தார்கள் என்று நான் யோசிக்கவில்லை. துறைத் தலைவர் நாற்காலியில் உட்காருவது போல வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, மோகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிதானமாக, முழுப் பாரத்தோடு உட்கார்ந்தேன். வள்ளியை மடியில் வைத்தார்கள்.

முதல் நான்கைந்து நொடி ஒன்றும் இல்லை. துண்டின் நூலுக்கும் வேட்டிக்கும் இடையில் இருக்கும் காற்று வெப்பத்தைக் கொஞ்சம் தடுக்கும். பிறகு தடுக்கவில்லை.

இருபத்தாறு வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு, வெப்பம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகிறது என்று நடத்தியிருக்கிறேன். அந்தப் பக்கம் யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. எழுந்திருக்கத் தொடையை அசைத்தேன்.

"அசையாதீங்க சார்" என்றார் பத்தர். ஊசி வள்ளியின் காதருகே வந்துவிட்டது. "நீங்க ஆடினா ஓட்டை கோணலா வுயும். அப்புறம் பொண்ணுக்கு ஆயுசுக்கும் ஒரு தோடு மேல, ஒரு தோடு கீழ."

வள்ளி பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு அமைதியாக இருந்தாள். என் வயிற்றில் முதுகைச் சாய்த்திருந்தாள். நான் அசையாமல் இருக்கும் வரை அவளும் அசைய மாட்டாள் என்று தெரிந்தது.

"சூடு" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"தெரிதா பாவா?" கோதண்டம் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். அவர் கண் மலர்ந்திருந்தது. "ஆங், அதான். ஏறுது பாருங்க."

வலது காது முடிந்தது. வள்ளி வீறிட்டாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கூட்டத்தில் ஒரு பெண் குரல், "புள்ளய குத்தினா மாமனுக்கு வலிக்குது பாரேன்" என்றது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கோதண்டம் வலது பக்கம் வந்து ஒரு போட்டோ, இடது பக்கம் வந்து ஒரு போட்டோ எடுத்தார். பத்தர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடி துடைத்தார். நூலைக் காதில் மாட்டினார்.

"ஐயா," என்றேன், "கொஞ்சம் சீக்கிரம்."

"அவசரப்பட்டாதான் சார் கோணலாகும்."

இடது காது 11.46க்கு முடிந்தது. இரண்டு தோடும் ஒரே உயரத்தில், நேராக இருந்தன. சரிபார்த்துவிட்டுத்தான் குழந்தையைச் சுமதியிடம் கொடுத்தேன். பிறகு எழுந்த வேகத்தில் மோகனை இடித்துத் தள்ளிக்கொண்டு தூண் பக்கம் போய் நின்றேன். வேட்டியின் பின்பக்கம் துண்டின் மஞ்சள் சாயம் அச்சாக ஏறியிருந்தது.

அதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். சுமதி மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து பலகை மேல் கையை வைத்தாள், உடனே இழுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள்.

"ஏன்ணா சொல்லல?"

"சொன்னேன். சக்தின்னுட்டாரு."

"எயுந்துட வேண்டியதுதானே?"

"காது கோணலாய்டும்னாரு."

அவள் ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து என்னிடம் கொடுத்தாள். தூணுக்குப் பின்னால் போய் அதை வைத்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் கழித்து என் போன் அதிர்ந்தது. குடும்பக் குழுவில் என்னை மறுபடி சேர்த்திருந்தாள். சேர்ந்ததும் எனக்கு வந்த முதல் செய்தி கோதண்டம் போட்ட போட்டோ.

கீழே சத்திரத்தில் சாப்பாடு. நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன். வேண்டுதல் என்று நினைத்து ஒருவர் எனக்கு இன்னொரு வடை வைத்தார். மாலை 4.20 லோக்கலில் பெட்டி காலியாக இருந்தும் அம்பத்தூர் வரை நின்றுகொண்டே வந்தேன். திருவாலங்காட்டில் ஏறிய ஒருவர், "இவ்ளோ சீட்டு காலியா கீதே, குந்துங்க சார்" என்று மூன்று முறை சொன்னார். அக்கறையான மனிதர். வீட்டுக்கு வந்ததும் மனைவி காயத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, கேட்க வேண்டியதை எல்லாம் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள். மறுநாள் மருத்துவரிடம் போனேன். மேல்தோல்தான், பத்து நாளில் ஆறியது. அந்தப் பத்து நாளும் வகுப்பில் நின்றபடியே பாடம் நடத்தினேன், அதனால் யாருக்கும் தெரியவில்லை.

கோதண்டம் சொன்ன சொல் தவறாதவர். புது நோட்டீசில் என் பெயர் இல்லை. போட்டோ இருக்கிறது. கண்ணில் நீர் வழிய, வாயை இறுக்கிக்கொண்டு, மடியில் குழந்தையோடு நான். கீழே, 'அமர்ந்த சில நொடிகளில் ஆனந்தக் கண்ணீர்' என்று இருக்கிறது. நேரக் கணக்கு சரிதான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மே மாதம் போவதானால் ஒன்பது மணிக்குள் படி ஏறி முடியுங்கள். முடியாதவர்களுக்கு மலை மேல் வரை பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு. தண்ணீர் கையில் வையுங்கள். விசேஷம் வைப்பவர்கள் எமகண்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே சண்டையை முடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கல்லிலும் உட்காருவதற்கு முன் புறங்கையை வைத்துப் பாருங்கள், அந்தக் கல்லைப் பற்றி நீங்கள் முனைவர் பட்டமே வாங்கியிருந்தாலும். முட்டி வலிக்கு மருத்துவரிடம் போங்கள். அந்தப் பலகை நல்ல கல்தான், நன்றாகவும் பாலீஷ் போட்டிருக்கிறார்கள். பூஜையறையில் விளக்கு வைக்கலாம், சமையலறையில் சப்பாத்தி தேய்க்கலாம். வலியை அது எடுக்காது.

இதைப் படித்து நாலு பேராவது பலகை வாங்காமல் இருந்தால் எனக்குத் திருப்தி. அதற்கு என் பெயரையும் பட்டத்தையும் போட்டால்தான் எடுபடும் என்று ஒரு மனம் சொல்கிறது. இதில் வரும் மற்றவர்களின் பெயர்களையும் கடையின் ஊரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், ஆனால் என் பெயரைப் போட்டால் கடை எது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கோதண்டம் தாங்கிக்கொள்வார். சுமதி இன்னொரு முறை என்னையும் அவரையும் தராசில் நிறுத்த வேண்டிவரும், அதை அவளிடம் கேட்க எனக்கு மனமில்லை. நேற்று அவள் போன் செய்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னாள். வள்ளி பேனாவைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறாளாம், அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகவாவது வா என்றாள். போகப் போகிறேன். கோதண்டம் ஏதாவது கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது என்பதும் தெரிகிறது. ஆகவே கீழே பெயர் எழுதாமலே இதைப் பதிவேற்றுகிறேன்.